தூக்குப் பாத்திரத்தின் மூடியில் ஒரு நேரம்

காலை எட்டு மணியளவில் காந்திபுரம் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால், சத்தியமங்கலத்திலிருந்தும் கோபியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வந்து இறங்குவோருள் மருத்துவமனைக்குச் செல்வோரை எளிதில் இனங்காணலாம். ஒரு கையில் மருத்துவக் கோப்பு. மறு கையில் ஒயர் கூடை. கூடைக்குள் துண்டு சுற்றிய தூக்குப் பாத்திரம். விடியற்காலை நாலரை மணிக்கு அடுப்பு மூட்டி, அரிசிம்பருப்புச் சாதமும் கொள்ளு ரசமும் ஆக்கி, ஆறு மணிப் பேருந்தைப் பிடித்து வந்திருப்பார்கள். வார்டுக்குள் நுழைந்த பிறகே, இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் முடியும்வரை நோயாளி எதுவும் உண்ணக் கூடாது என்பது தெரியவரும். பாத்திரம் கட்டிலுக்கு அடியில் காத்திருக்கும். அது திறக்கப்படும்போது மணி பன்னிரண்டரை ஆகியிருக்கும்.

அப்போது செவிலியர் ஒருவர், "இது எப்போது சமைத்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை இதுதான்: "கெட்டுப் போகலைங்க, வாசம் நல்லாத்தானுங்க இருக்குது." இந்த விடையில் பொய் இல்லை. ஆனால் அளவுகோல் தவறு. நோயாளிக்குக் கொடுக்கும் உணவை மூக்கினாலும் நாவினாலும் சோதிப்பதை விட்டுவிட்டு, கடிகாரத்தினாலும் வெப்பத்தினாலும் சோதிக்க வேண்டும் என்பதே மருத்துவமனையின் உணவியல் பிரிவில் பணியாற்றும் எங்கள் கருத்து. இது நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மட்டும் நாங்கள் சொல்வதன்று. மருத்துவமனைகளுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் வேறு. மனிதரை நோயில் தள்ளும் நுண்ணுயிர்கள் வேறு. முதல் வகை புளிப்பையும் நாற்றத்தையும் நூல் பிடித்தலையும் உண்டாக்கி நம்மை எச்சரித்துவிடும். இரண்டாம் வகை பெரும்பாலும் நிறத்தையோ மணத்தையோ சுவையையோ மாற்றுவதில்லை. 1914ஆம் ஆண்டில் மார்ஷல் பார்பர் என்னும் ஆய்வாளர் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பண்ணை ஒன்றில் இதைத் தம் உடம்பிலேயே சோதித்தார். மடியில் நோய் கண்ட ஒரு பசுவின் பாலைக் கறந்த உடனே அருந்தியபோது அவருக்குத் தீங்கு நேரவில்லை. அதே பாலைச் சில மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்திருந்து அருந்தியபோது வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. ஸ்டஃபைலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா அந்த நேரத்தில் பெருகிப் பாலில் நஞ்சைச் சுரந்திருந்தது. பசு ஒன்றே, பால் ஒன்றே. இடையில் கழிந்த நேரம் மட்டுமே வேறு.

கிருமி வேறு, அது சுரக்கும் நஞ்சு வேறு என்பதை நம் நாட்டு அறிவியலும் நிறுவியுள்ளது. கொல்கத்தாவைச் சேர்ந்த சம்பு நாத் தே, காலராக் கிருமிகளை வளர்த்த நீரிலிருந்து கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய பிறகும், எஞ்சிய நீரே முயலின் குடலில் நோயின் விளைவை உண்டாக்கியதை 1959ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியிட்டார். சமையலறைக்கு இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. உணவைச் சூடுபடுத்திக் கிருமியைக் கொன்றுவிட்டாலும், அது முன்பே விட்டுச்சென்ற நஞ்சு உணவில் இருக்கக்கூடும். காலராவின் நஞ்சு வெப்பத்தில் சிதைந்துவிடும். பார்பரின் பாலில் இருந்த ஸ்டஃபைலோகாக்கஸ் நஞ்சோ கொதிக்க வைத்தாலும் எளிதில் அழிவதில்லை. "சாப்பிடும் முன் ஒருமுறை சூடு பண்ணிவிட்டால் போதும்" என்ற நம்பிக்கை இங்கேதான் பொய்த்துப்போகிறது.

சோற்றிலும் இத்தகைய ஆபத்து உண்டு. பாசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா மண்ணில் வாழ்வது. நெல்லோடு அரிசிக்கு வருவது. இது தன்னைச் சுற்றித் தடித்த உறை அமைத்து வித்துப் போல உறங்கவல்லது. அரிசி கொதிக்கும்போதும் அந்த வித்துகளிற் சில பிழைத்துக்கொள்ளும். சோறு ஆறி வெதுவெதுப்பாகும்போது அவை முளைத்துப் பெருகும். வாந்தியை உண்டாக்கும் நஞ்சை அதன் ஒரு வகை சுரக்கும். அந்த நஞ்சும் கொதிநிலையைத் தாங்கி நிற்பது. சூடு குறையாதிருக்க வேண்டும் என்ற அக்கறையில் பாத்திரத்தைத் துண்டால் சுற்றிக் கொண்டுவருகிறோம். ஆனால் உணவு ஆவி பறக்கும் சூட்டிலும் இல்லாமல், குளிர்ந்தும் போகாமல், பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருப்பதுதான் பாக்டீரியாக்கள் மிகவும் விரும்பும் நிலை. ஏற்ற சூழலில் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்தக் கணக்கில், நூறாக இருப்பவை நான்கு மணி நேரத்தில் நான்கு லட்சத்தைத் தாண்டிவிடும்.

"அப்படியானால் பழைய சோறு உண்டு வளர்ந்த எங்கள் அப்பாறும் அம்மிச்சியும் எப்படித் திடமாக இருந்தார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நீரூற்றி வைத்த சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பு தீய கிருமிகள் பலவற்றை அடக்கிவைக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பழைய சோற்றின் பயனைக் குறித்து ஆய்வே மேற்கொண்டார்கள். ஆயினும் புளித்த சோறும், பாத்திரத்தில் புழுங்கிக் கிடந்த சோறும் ஒன்றல்ல. புளித்தல் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே சீராக நடப்பதும் இல்லை. உடல் நலத்தோடு இருப்பவர் உண்ணலாம். புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவரும், மாற்று உறுப்புப் பொருத்தப்பட்டவரும் தம் மருத்துவரைக் கேளாமல் அதை உண்ணலாகாது.

அடுத்து முட்டை. முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல் நமக்கு அண்டை ஊர். அதே நாமக்கல்லில் 2023 செப்டம்பரில் உணவகத்தில் ஷவர்மா உண்ட 14 வயதுச் சிறுமி ஒருவர் உயிரிழந்தார். மேலும் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அதற்கு முந்தைய ஆண்டு கேரளத்தின் செறுவத்தூரிலும் ஷவர்மா உண்ட ஒரு மாணவி மாண்டார். அங்கு நோயுற்றவர்களிடம் ஷிகெல்லா என்னும் பாக்டீரியா கண்டறியப்பட்டது. 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு, பச்சை முட்டையால் செய்யப்படும் மயோனைஸைத் தயாரிப்பதற்கும் சேமிப்பதற்கும் விற்பதற்கும் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. சால்மொனெல்லா, ஈ.கோலை, லிஸ்டீரியா ஆகிய பாக்டீரியாக்களால் நேரக்கூடிய தீங்கு அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

தடையை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் தடை கடைக்காரரைத்தான் கட்டுப்படுத்தும். நம் வீட்டு வழக்கத்தைக் கட்டுப்படுத்தாது. நோயிலிருந்து எழுந்தவருக்கு உடம்பு தேற வேண்டுமென்று பச்சை முட்டையை உடைத்து ஊற்றிக் குடிக்கக் கொடுக்கும் வழக்கம் நம் பகுதியில் இன்னும் மறையவில்லை. சால்மொனெல்லாவின் ஒரு வகை கோழியின் சினைப்பையிலேயே தங்கி, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் புகுந்துவிடவல்லது. ஓட்டை எவ்வளவு கழுவினாலும் உள்ளே இருப்பது போகாது. மஞ்சள் கருவும் கெட்டிப்படும்வரை வேகவைத்தால் அது மாண்டுவிடும். எனவே முட்டையை நோயாளிக்குத் தாராளமாகக் கொடுங்கள். அதைவிட எளிய, மலிவான புரத உணவு அரிது. பச்சையாகவும் ஆஃப்பாயிலாகவும் மட்டும் வேண்டாம்.

வீட்டில் எல்லோரும் உண்டு நலமாக இருக்கும் உணவு நோயாளியை மட்டும் வீழ்த்துவது ஏன்? நலமான வயிற்றின் அமிலம் கிருமிகள் பலவற்றை வாசலிலேயே அழித்துவிடுகிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை உண்பவருக்கு அந்தக் காவல் தளர்ந்திருக்கும். சர்க்கரை நோய், டயாலிசிஸ், ஸ்டீராய்டு மருந்து, முதுமை, கர்ப்பம், கைக்குழந்தைப் பருவம் ஆகிய ஒவ்வொன்றும் உடலின் எதிர்ப்பை ஒருவகையில் குறைக்கிறது. நமக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கோடு போவது, அவர்களுக்கு இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மாசுபட்ட உணவால் ஆண்டுதோறும் உலகில் 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள். 4,20,000 பேர் உயிரிழக்கிறார்கள்.

வெளி உணவைக் குறை சொல்லும் தகுதி மருத்துவமனைகளுக்கு எளிதில் வந்துவிடாது. 1984 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நகரில் ஸ்டான்லி ராய்டு மருத்துவமனையின் சொந்தச் சமையலறையிலிருந்து பரவிய சால்மொனெல்லாவால் 19 நோயாளிகள் மாண்டனர். சமைத்த இறைச்சி பல மணி நேரம் குளிர்பதனம் இன்றி வெளியே கிடந்ததே காரணமெனக் கருதப்பட்டது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் தூக்குப் பாத்திரத்துக்கும் பெரிய மருத்துவமனைச் சமையலறைக்கும் பாக்டீரியா வேறுபாடு பார்ப்பதில்லை.

நாங்கள் அதிகம் கவலைப்படுவது இன்னொருவரைப் பற்றி. நோயாளி இரண்டு கவளம் உண்டு ஒதுக்கிய சோற்றை இரவு ஏழு மணிக்கு உடனிருப்பவர் உண்கிறார். கடையில் வாங்கினால் செலவாகும். சோற்றைக் கொட்டுவதற்கு மனம் வராது. நெல் விளைவித்த குடும்பத்துக்கு அந்தத் தயக்கம் இயல்பே. அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் உடனிருப்பவரும் படுத்துவிட்டால் அந்தக் குடும்பத்தை யார் தாங்குவது? மிச்சமானதை உண்பதைவிட, மிச்சமாகாதபடி குறைவாகக் கொண்டுவருவதே சோற்றுக்குச் செய்யும் மரியாதை.

நாங்கள் வேண்டுவது ஒரு சிறு பழக்கம்தான். சமைத்து இறக்கியவுடன் ஒரு சிறு தாளில் நேரத்தை எழுதிப் பாத்திரத்தின் மூடியில் ஒட்டிவிடுங்கள். "காலை 4.30" என்று அதில் இருந்தால், கொடுக்கலாமா வேண்டாமா என்ற வாதமே எழாது. சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது. அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் 60 டிகிரி செல்சியசுக்கு மேலான சூட்டிலோ 5 டிகிரிக்குக் கீழான குளிரிலோ இருக்க வேண்டும். திறந்தால் ஆவி பறக்கும் அளவுக்குச் சூடு காக்கும் ஹாட் பாக்ஸ் உதவும், துண்டு உதவாது. தொலைவிலிருந்து வருவோர் குழைந்த சோறு, தேங்காய்ச் சட்னி, தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை, நறுக்கிய பழம் ஆகியவற்றைத் தவிர்த்து, முழு வாழைப்பழம், ஆரஞ்சு, ரஸ்க், பொட்டுக்கடலை போன்றவற்றை மருத்துவர் அனுமதித்த அளவில் கொண்டுவரலாம். பழத்தைக் கட்டிலருகே, சோப்பிட்டுக் கழுவிய கையால் உரியுங்கள்.

இன்னொன்று. உணவுக்குப் பின் வாந்தியோ, வயிற்றுப்போக்கோ, காய்ச்சலோ கண்டால் மறைக்காதீர்கள். திட்டுவார்களோ என்று அஞ்சி, வெளியிலிருந்து உணவு வந்ததைச் சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு. என்ன உண்டார், எப்போது உண்டார் என்பது தெரிந்தால் சிகிச்சை சரியான வழியில் விரைவாகத் தொடங்கும். நீங்களாக மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

மருத்துவமனைகளிடம் எங்கள் வேண்டுகோள்: "வெளி உணவுக்கு அனுமதி இல்லை" என்ற பலகை மட்டும் போதாது. தளந்தோறும் ஒரு குளிர்ப்பெட்டி, உணவைச் சூடாக்க ஒரு அடுப்பு, வார்டு வாசலில் சோப்புடன் கை கழுவும் இடம், உடனிருப்போர் கட்டுப்படியாகும் விலையில் வாங்கக்கூடிய சூடான சாப்பாடு ஆகிய நான்கும் இருந்தால் பலகைக்கே தேவை குறைந்துவிடும். உண்ணாதிருக்க வேண்டிய பரிசோதனை நாளை முந்தைய மாலையே குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டால், விடியற்காலை நாலரை மணிக்கு யாரும் அடுப்பு மூட்ட வேண்டியிருக்காது. எங்கள் நிர்வாகத்திடமும் இவற்றையே வலியுறுத்துகிறோம்.

தூக்குப் பாத்திரத்தைச் சுமந்து மூன்று மணி நேரம் பேருந்தில் வருபவரின் அன்பைப் பற்றி எங்களுக்கு ஐயம் இல்லை. அந்த அன்பு நோயாளிக்கு நலமாகவே போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான், மூடியின் மேல் நேரத்தையும் எழுதி வாருங்கள் என்று கேட்கிறோம்.