வீடியோ பார்த்தால் வெல்டிங் வருமா?

"கம்ப்யூட்டர் வாங்கிவிட்டேன், இதை வைத்து ஏதாவது கைத்தொழில் கற்றுக்கொள்ளலாமா சார்?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் இப்படிக் கேட்பதுண்டு. "தாராளமாக" என்றுதான் சொல்லிவந்தேன். இப்போது அந்தப் பதிலோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் டிக் வெல்டிங்.

கேட், கிரில் செய்யும் பட்டறைகளில் நாம் பார்ப்பது ராடு வெல்டிங். டிக் என்பது அதைவிட நுணுக்கமானது. டார்ச்சின் நுனியில் இருக்கும் டங்ஸ்டன் ஊசிக்கும் தகட்டுக்கும் நடுவே ஆர்க் எரியும். டங்ஸ்டன் உருகுவதற்குச் சுமார் 3,400 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பதால் ஊசி நிற்கும், தகடு உருகும். உருகிய இடத்தில் காற்று படாமல் ஆர்கான் வாயு காக்கும். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் ஃபில்லர் ராடு. பெடல் உள்ள இயந்திரம் என்றால் மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பது கால். இரண்டு கையும் ஒரு காலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்ய வேண்டும். 1941-ல் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸல் மெரிடித் என்பவர் மக்னீசியத்தை இணைப்பதற்காக உருவாக்கிய முறை இது.

விமானத் தொழிற்சாலையின் வேலை வீட்டு ஷெட்டுக்கு எப்படி வந்தது? இன்வெர்ட்டர் இயந்திரங்களால்தான். பழைய டிரான்ஸ்ஃபார்மர் இயந்திரத்தை நகர்த்தவே நாலு பேர் வேண்டும். இன்வெர்ட்டர், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைப் பல ஆயிரம் ஹெர்ட்ஸாக மாற்றிக்கொள்வதால் சிறிய டிரான்ஸ்ஃபார்மரே போதும். உங்கள் கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஒரு கையால் தூக்கக்கூடிய 200 ஆம்பியர் இயந்திரம் இப்படித்தான் பொழுதுபோக்காளர்களிடம் வந்து சேர்ந்தது.

நானும் ஒன்று வாங்கினேன். வாங்குவதற்கு முன் ஒரு மாதம் ராத்திரி பகலாக யூடியூப் பார்த்தேன். டார்ச்சை எத்தனை டிகிரி சாய்ப்பது, ஊசியை எந்தப் பக்கமாகச் சாணை பிடிப்பது, எல்லாம் மனப்பாடம். முதல் நாள் ஊசி தகட்டில் போய் ஒட்டிக்கொண்டது. சாணை பிடித்துவிட்டு வந்தேன், மறுபடியும் ஒட்டியது. அன்று பற்றவைத்ததைவிடச் சாணை பிடித்ததே அதிகம். ஒரு மாதம் கற்றதாக நினைத்ததெல்லாம் தலையில் இருந்தது, கையில் ஒன்றுமே இல்லை.

வீடியோவைக் குறை சொல்லவில்லை. முன்பெல்லாம் மேஸ்திரியின் தோளுக்குப் பின்னால் நின்று, கறுப்புக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்க வேண்டும். இன்று ஃபில்டர் பொருத்திய கேமரா, உருகிய குட்டையை மானிட்டர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டுகிறது. நிறுத்தி நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் பார்க்கப் பார்க்க, 'எனக்கும் தெரியும்' என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அதுதான் ஆபத்து.

மவுஸை முதன்முதலில் பிடித்த நாளை நினைத்துப் பாருங்கள். அம்புக்குறி எங்கெங்கோ ஓடியிருக்கும். 1990-ல் வந்த விண்டோஸ் 3.0-ல் சாலிடேர் சீட்டு விளையாட்டு இருந்தது. சீட்டை இழுத்துப் போட்டே பலருக்கு மவுஸ் பழகியது. டிக்கிற்கும் அப்படி ஒரு சாலிடேர் வேண்டும். மெஷினை ஆன் செய்யாமலே டார்ச்சைத் தகட்டின் மேல் நகர்த்திப் பழகுங்கள். டிவி பார்க்கும்போது ஃபில்லர் ராடை விரல்களாலேயே முன்னே தள்ளிப் பழகுங்கள். பிறகு ஃபில்லர் இல்லாமல் வெறும் தகட்டில் குட்டையை மட்டும் நேர்கோட்டில் ஓட்டுங்கள். ஊசிக்கும் தகட்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய ஊசியின் பருமன் அளவே இருக்கட்டும். இது கைக்கு வந்த பிறகு ராடைத் தொடுங்கள்.

அப்படியானால் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை? அதை டிவியாகப் பயன்படுத்தாமல் நோட்டுப் புத்தகமாகப் பயன்படுத்துங்கள் என்பதே என் கருத்து. எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு ஷீட் திறந்துகொள்ளுங்கள். தேதி, உலோகம், தகட்டின் கனம், ஆம்பியர், வாயு அளவு, விளைவு என்று ஆறு காலம் போதும். 1.6 மி.மீ. இரும்புத் தகட்டிற்கு 60 ஆம்பியர், ஆர்கான் நிமிடத்திற்கு 7 முதல் 10 லிட்டர் என்று தொடங்கலாம். ஒரு தடவைக்கு ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்பது தெரியாமல் போகும்.

ஒவ்வொரு தகட்டையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, ஃபைல் பெயரில் வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் எண்களைப் போடுங்கள். போல்டரைத் திறந்தால் எல்லாம் தானாகவே காலவரிசையில் நிற்கும். முடிந்தால் உங்கள் கைகளைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்துப் பாருங்கள். போன் கேமரா ஆர்க்கை நேராகப் பார்க்காதபடி வையுங்கள். முழங்கை எங்கும் ஊன்றாமல் ஆடுவது எனக்குத் தெரியவே இல்லை. என் வீடியோதான் காட்டிக்கொடுத்தது.

இன்னொன்று. இன்டர்நெட்டில் பாராட்டுப் பெறுவது நாணயங்களை அடுக்கிவைத்தது போன்ற அழகான வெல்டு. ஆனால் மேலே அழகு, உள்ளே ஒட்டாமல் இருக்கலாம். போட்டோ அதைச் சொல்லாது. தகட்டை வைஸில் பிடித்து வளைத்துப் பாருங்கள், குறுக்கே அறுத்துப் பாருங்கள். நீங்கள் செய்யும் நாற்காலியில் உங்கள் வீட்டார்தான் உட்காரப் போகிறார்கள்.

வீடியோவைப் பார்த்ததும் ஷெட்டுக்கு ஓடுகிறவர்கள் தாண்டிப் போய்விடும் பகுதி பாதுகாப்பு. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த தகட்டில் ஆர்க் பற்றவைத்தால் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு உண்டாகும். அசிட்டோனால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே தொடங்குங்கள். நாகப் பூச்சுள்ள தகடு வேண்டவே வேண்டாம், அதன் புகை காய்ச்சலில் தள்ளும். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். கண்ணில் ஆர்க் பட்டால் எரிச்சல் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். ஹெல்மெட், கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

கம்ப்யூட்டரையும் பக்கத்தில் வைக்காதீர்கள். ஊசி தகட்டைத் தொடாமலே ஆர்க் பற்றுவதற்காகப் பல இயந்திரங்கள் பயன்படுத்தும் உயர் அதிர்வெண் மின்சாரம், அருகில் உள்ள எலக்ட்ரானிக் சாதனங்களைக் குழப்பிவிடும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்தப் பக்கமே போகக் கூடாது. கிரைண்டரில் பறக்கும் இரும்புத் தூளையும் கேபினெட் விசிறி உள்ளே இழுத்துக்கொள்ளும். மதர்போர்டில் அது படிந்தால் ஷார்ட் ஆகலாம்.

ஆகவே கம்ப்யூட்டர் ஒரு அறையில், வெல்டிங் வேறிடத்தில் இருக்கட்டும். பத்து நிமிடம் பாருங்கள், எழுந்து போய் ஒரு மணி நேரம் செய்யுங்கள், திரும்பி வந்து எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்து முதல் போட்டோவையும் கடைசி போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பாருங்கள். வெல்டிங் வந்ததா இல்லையா என்பதை உங்கள் கம்ப்யூட்டரே சொல்லும்.