டிரெய்லர்: விளக்கும் பிரேக்கும்

கரும்பு வெட்டுக் காலத்தில் டிராக்டர்கள் இரவிலும் ஓடுகின்றன. டிரெய்லரின் பின் விளக்கு எரியவில்லையென்றால் உடனே பேட்டரி மீது பழி போட்டுப் புதியது வாங்குவோர் உண்டு. இது வீண் செலவு. பல டிரெய்லர்களில் விளக்குக்கு எர்த் கிடைப்பது கொக்கியும் பின்னும் வழியாகத்தான். அங்கே துருவும் சேறும் சேர்ந்தால் விளக்கு மங்கும், விட்டு விட்டு எரியும். எர்த்துக்கென்று தனி ஒயர் போட்டால் தொல்லை தீரும்.

பேட்டரி முனைகள் வெண்மையாகப் பூத்திருந்தால் எர்த் ஒயரை முதலில் கழற்றி, மூடிகளை இறுக்கி, வெந்நீரால் கழுவித் துடைத்து, ஒயர்களை மாட்டி வாசலின் தடவ வேண்டும். எர்த்தைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும். கிணற்று நீர் விடக் கூடாது, டிஸ்டில்டு வாட்டர்தான். சில மணி நேரம் ஓய்ந்தபின் 12.6 வோல்ட் காட்டி, ஸ்டார்ட்டரும் வேகமாகச் சுற்றினால் பேட்டரி நல்லதே.

பிரேக் விஷயம் இதைவிடப் பெரிது. பாட்டுப் பெட்டிக்குத் தாராளமாகச் செலவிடும் உரிமையாளர் டிரெய்லருக்குப் பிரேக் வைக்கத் தயங்குவது விந்தை! பிரேக் இல்லாத டிரெய்லரின் பாரம் முழுவதையும் டிராக்டரே தாங்கி நிறுத்த வேண்டியிருக்கிறது. வயலில் திரும்புவதற்காகப் பிரித்த இரு பெடல்களையும் சாலைக்கு ஏறுமுன் தாழிட்டு இணைக்க வேண்டும். ஒன்று மட்டும் அழுந்தினால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கவிழும். இணைத்தும் இழுத்தால் இரு பக்க பிரேக்கும் சமமாக இல்லையென்று பொருள். மெக்கானிக்கிடம் சரி செய்ய வேண்டும்.

டீசல் மிச்சமென்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது அறவே கூடாது. பாரம் பின்னாலிருந்து தள்ளத் தொடங்குமுன்பே கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும்.