கோழிக்குக் கால் வரலைன்னா குழம்பா?

டிஸ்கி: நான் கால்நடை மருத்துவர் இல்லை. பெங்களூரில் பொட்டி தட்டிப் பிழைப்பவன். இதைப் படித்துவிட்டு கோழிக்கு நீங்களே ஊசி போடாதீர்கள்.

ராசிபுரத்துக்காரன் வீட்டில் ஒரு கோழிக்குஞ்சு நடக்கமுடியாமல் உட்கார்ந்துவிட்டது என்றால் ஊரில் சிரிப்பார்கள். நாமக்கல் பக்கம் பிறந்தவனுக்கு எழுத்து வருவதற்கு முன்னால் கோழி வந்துவிடும் என்பது ஐதீகம். என் மாமா முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர். அப்படிப்பட்ட பரம்பரையில் வந்த நான், பிடிஎம் லேஅவுட்டில் மூணாவது மாடியில், ஒரே ஒரு குஞ்சை நாலு வாரம் ஒழுங்காக வளர்க்கத் தெரியாமல் முழித்தேன்.

குஞ்சு வந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். சாலையோரம் கூடையில் பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் முக்கி விற்பார்களே, அது. ஏழு வயசு மகள் கையைப் பிடித்து இழுத்தாள், வாங்கியாயிற்று. ரோஸ் கலர் என்பதால் பெயர் பிங்கி. முட்டைக்கோழி குஞ்சு பொரிக்கும் இடங்களில் பெட்டைக்குத்தான் மதிப்பு. சேவல் குஞ்சு முட்டையும் போடாது, கறியும் சீக்கிரம் வைக்காது. அப்படி ஒதுக்கப்பட்ட சேவல் குஞ்சுகள்தான் சாயம் பூசிக்கொண்டு கூடைக்கு வருகின்றன. இது எனக்கு வாங்கும்போதே தெரியும். தெரிந்தும் வாங்கினேன்.

செய்தித்தாள் விரித்த அட்டைப்பெட்டி, கண்ணாடி போட்டு அடைத்த பால்கனி, மூணு வேளையும் நாங்கள் சாப்பிடும் சோறு. நடுவில் மகள் உபயத்தில் பிஸ்கட். மூணு வாரம் ஓடித் திரிந்தது. நாலாவது வாரம் ஒரு நாள் எழுந்திருக்கவில்லை. கணுக்காலில் குந்தி உட்கார்ந்து, இறக்கையை ஊன்றித் தவழ்ந்தது. விரல்கள் உள்பக்கமாக, நாம் கையை மூடுகிற மாதிரி மடங்கியிருந்தன.

அன்றைக்கு வீட்டில் நடந்த மாநாட்டைச் சொல்ல வேண்டும். மாமனார் வந்திருந்தார். "மாப்பிள்ளை, வாதம் வந்துடுச்சு. இனி எந்திரிக்காது. சதை பிடிக்கறதுக்குள்ள நீங்களும் ஏன் கஷ்டப்படறீங்க" என்றார். அதாவது குழம்பு. மகளுக்குப் புரிந்துவிட்டது, பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுக்ககத்து வாட்ஸப் குழுவில் ஒருவர் பறவைக் காய்ச்சலா என்று கேட்டு வைக்க, சாயங்காலத்துக்குள் செகரட்டரி வாசலில் நின்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவில் முதல் முறையாகப் பறவைக் காய்ச்சல் வந்தபோது, பெங்களூரில் பேச்சிலராக இருந்த நாங்கள் பல வாரம் முட்டையைக்கூடத் தொடவில்லை. ஆனால் அது வந்தால் கோழிகள் கூட்டமாக, திடீர் திடீரென்று சாகும். முகம் வீங்கும், கொண்டை நீலம் பாயும். அப்படி இருந்தால் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும். நன்றாகத் தின்றுகொண்டு, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, கால் மட்டும் வராமல் இருக்கும் ஒற்றைக் குஞ்சின் கதை வேறு. இதைச் செகரட்டரியிடம் சொல்லி ஒரு வாரம் அவகாசம் வாங்கினேன்.

ராத்திரி ராசிபுரத்துக்குப் போன் போட்டேன். மாமா சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "மாப்ள, ஒரு கால் முன்னால, ஒரு கால் பின்னால நீட்டிக்கிட்டுக் கெடக்குதா? இல்ல ரெண்டும் மடங்கிக் கெடக்குதா?" எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் அத்தனை பேரும் ஒரு நாள் முழுக்க அதன் தலைவிதியைப் பேசினோமே தவிர, அந்தக் காலை ஒருத்தரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

இதைத்தான் நான் சொல்லவந்தது. கால் வராமல் போவது ஒரு நோய் இல்லை. பத்துப் பதினைந்து நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிக் கிடந்தால் மாரெக்ஸ் நோயைச் சந்தேகப்படுவார்கள். 1907-ல் ஹங்கேரியில் யோசெஃப் மாரெக் என்ற கால்நடை மருத்துவர் எழுதி வைத்தது. வைரஸ், இறகுத் தூசியில் பரவும், மனுசருக்கு வராது, மருந்து கிடையாது. பொரித்த அன்றே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். பச்சையாகக் கழிந்து, மூச்சு வாங்கி, கழுத்து முறுக்கினால் ராணிக்கெட், நம்ம ஊர்ப் பேச்சில் வெள்ளைக் கழிச்சல். தமிழ்நாட்டில் வருஷா வருஷம் பிப்ரவரி வாக்கில் இரண்டு வாரம் முகாம் போட்டு இலவசமாகத் தடுப்பூசி போடுவது இதற்குத்தான். உள்ளங்காலில் கறுப்பு வடு, வீக்கம் இருந்தால் ஆணிப்புண். வழுக்கும் தரையில் வளர்ந்த குஞ்சுக்குக் கால் இரண்டு பக்கமும் அகண்டுவிடும். அலகு ரப்பர் மாதிரி வளைந்தால் எலும்பில் சுண்ணாம்பு பிடிக்கவில்லை என்று அர்த்தம். தலை பின்னால் இழுத்து வானத்தைப் பார்த்தால் ஒரு வைட்டமின், விரல் மடங்கினால் இன்னொரு வைட்டமின். கறிக்கோழி ரகமாக இருந்தால் நோயே வேண்டாம். உடம்பு வளர்கிற வேகத்துக்குக் கால் ஈடு கொடுக்காது.

இத்தனையையும் சேர்த்து நாம் வாதம் என்கிற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். அடைத்த பிறகு இரண்டே வழிதான் தெரியும். ஒன்று கத்தி. இன்னொன்று, மருந்துக்கடையில் போய் ஏதாவது ஆன்டிபயாடிக் வாங்கித் தண்ணீரில் கலப்பது. இரண்டாவதைத்தான் இரக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். கிருமியே இல்லாத நோய்க்கு அந்த மருந்து என்ன செய்யும்? மனுசருக்குக் கடைசி நேரத்தில் கொடுக்க வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழித் தீவனத்தில் கொட்டியதால், 2019-ல் அரசே அதை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தடை செய்யவேண்டி வந்தது. பால்கனியில் ஒரு குஞ்சு வைத்திருப்பவரும் அந்தக் கதையில் சேர வேண்டுமா?

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினோம். பக்கத்தில் ஒரு செல்லப்பிராணி கிளினிக்கில் "நாய், பூனை மட்டும்தான் சார்" என்று கதவோடு அனுப்பிவிட்டார்கள். பிடிஎம்மிலிருந்து ஹெப்பால். பெங்களூர்வாசிகளுக்கு அந்தத் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லத் தேவையில்லை. ஆட்டோக்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு "நாட்டி கோளியா சார்?" என்று வாயூறக் கேட்டார். மகள் முறைத்தாள்.

ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரி 1958-லிருந்து இருக்கிறது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து அந்த வாசலைத் தாண்டி ஏர்போர்ட்டுக்கு மட்டுமே போயிருக்கிறேன். மாடு, ஆடு, ஒரு கம்பீரமான லாப்ரடார் வரிசையில் எங்கள் அட்டைப்பெட்டி. யாரும் சிரிக்கவில்லை. மருத்துவர் குஞ்சை மேஜைமேல் நிற்கவைத்துப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார், அலகை அழுத்தினார், கண்மணியைப் பார்த்தார், உள்ளங்காலைத் திருப்பினார். பிறகு ஒரே கேள்வி, என்ன சாப்பிடுகிறது? பெருமையாகச் சொன்னோம், எங்கள் தட்டிலிருந்துதான் என்று. "பரீ அன்னானா?" என்றார். வெறும் சோறா!

அந்தக் குரலில் இருந்த ஆச்சரியத்துக்கு நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு காரணம் இருப்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. ஜாவா தீவில் பெரிபெரி என்ற நோயில் ஆட்கள் கால் விளங்காமல் செத்துக்கொண்டிருந்தார்கள். 1886-ல் ஆராயப் போன டச்சுக் குழுவோடு கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டாக்டரும் போனார். கிருமிதான் காரணம் என்று நம்பி, கோழிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்ட கோழியும் கால் விழுந்தது, போடாத கோழியும் விழுந்தது. பிறகு எல்லாம் தானாக எழுந்து நடந்தன! துருவிப் பார்த்தால் சமையல்காரர் விவகாரம். கோழிகளுக்கு ராணுவ ஆஸ்பத்திரியில் மிச்சமான வெள்ளைச் சோறு போய்க்கொண்டிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவ அரிசியை சிவிலியன் கோழிக்குத் தரமாட்டேன் என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறின, கால் வந்துவிட்டது. எய்க்மன்கூட முதலில் வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் என்றுதான் நினைத்தார். விஷம் இல்லை, தவிட்டோடு போன ஏதோ ஒன்று குறைகிறது என்று 1901-ல் சொன்னவர் அவருக்குப் பின்வந்த கிரைன்ஸ். அதுதான் தயமின், பி1 வைட்டமின். 1929-ல் எய்க்மனுக்கு நோபல் பரிசு. கால் விளங்காத கோழிகளை யாரோ குனிந்து பார்த்ததால் வந்த பரிசு.

ஊரில் எங்கள் அம்மாயி கோழிக்குச் சோறு போட்டதே இல்லையா? போட்டது. ஆனால் அந்தக் கோழி குப்பையைக் கிளறிப் புழு தின்றது, கம்பு பொறுக்கியது, கீரையைக் கொத்தியது, நாள் பூராவும் வெயிலில் நின்றது. அந்தச் சோறும் புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்தில் கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடும். நாங்கள் பெங்களூர் வந்து சோனா மசூரி பச்சரிசிக்கு மாறியதோடு கோழியையும் மாற்றிவிட்டோம். கண்ணாடிக்குப் பின்னால் வெயில் படுகிறதே என்று சமாதானம் வேறு. எலும்புக்கு டி வைட்டமின் கொடுக்கும் கதிரைக் கண்ணாடி உள்ளே விடாது என்றார் மருத்துவர்.

எங்கள் குஞ்சுக்கு முக்கியமாகக் குறைந்தது பி2, ரிபோஃப்ளேவின். சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். குஞ்சுத் தீவனம் வாங்கச் சொன்னார். வந்து மாமாவிடம் சொன்னால் அவர் ஒன்று சேர்த்தார்: "முட்டைக்கோழித் தீவனத்தை எடுத்துப் போட்றாத மாப்ள. அதுல சுண்ணாம்பு சாஸ்தி. குஞ்சுக்குக் கிட்னி போயிரும்." செய்தித்தாளை எடுத்துவிட்டுக் கோணிச்சாக்கு விரித்தோம், கால் பிடிமானத்துக்கு. நகர முடியாத கோழி தன் எச்சத்திலேயே உட்கார்ந்திருக்கும், நெஞ்சில் புண் வரும். அதனால் தினம் மூணு முறை சாக்கு மாற்றி, பின்பக்கம் வெந்நீரில் துடைத்து, இடம் மாற்றி உட்கார வைக்க வேண்டும். தண்ணீரும் தீவனமும் அலகுக்கு எட்டும் தூரத்தில். காலையில் மொட்டை மாடியில் அரைமணி நேரம் வெயில். ஆபீஸ் கான்ஃபரன்ஸ் காலில் நான் மியூட்டில் இருந்த நேரமெல்லாம் இந்த வேலைதான் :-) தங்கமணி முருங்கைக்கீரை ஆய்ந்து போட்டாள். கீரையை எனக்குப் பொரியல் செய்வதைவிட அக்கறையாகச் செய்தாள் என்பது என் அபிப்பிராயம்.

ஆறாம் நாள் எழுந்து நின்றது. இரண்டு வாரத்தில் நடந்தது. ஆனால் வலது காலில் இரண்டு விரல் மடங்கியது மடங்கியதுதான். ரொம்ப நாள் விட்டுவிட்டால் நரம்பு திரும்பாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். இன்னும் ஒரு வாரம் முன்னால் நான் அந்தக் காலைப் பார்த்திருந்தால் அதுவும் நிமிர்ந்திருக்கலாம். அதை யார்மேலும் போட முடியாது.

நண்பன் ஒருவன் கேட்டான், "ஞாயிற்றுக்கிழமை பிரியாணி தின்கிறவன்தானே நீ, ஒரு குஞ்சுக்கு ஒரு நாள் சம்பளமா?" நியாயமான கேள்வி. நான் பிரியாணியை விடவில்லை. ஆனால் மாமாவைப் பாருங்கள். அவருக்குக் கோழி வியாபாரம், பாசம் எல்லாம் கிடையாது. கொட்டகையில் நாலு கோழி நொண்டினால் அன்றைக்கே ஒன்றை எடுத்துக்கொண்டு நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கு ஓடுவார், அறுத்துப் பார்த்து என்ன என்று சொல்லுங்கள் என்பார். காசுக்காக வளர்ப்பவர் காரணம் தேடுகிறார். பெயர் வைத்து, போட்டோ எடுத்து, குழந்தை மாதிரி என்று சொல்லிக்கொள்ளும் நாம் இருபது முப்பது ரூபாய்க் குஞ்சுக்கு யாராவது டாக்டரிடம் போவார்களா என்கிறோம். எனக்கு இதில்தான் கோபம். முதல் கோபம் என்மேல்.

காப்பாற்றியே தீர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. மாரெக்ஸ் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், வலியில்லாமல் முடித்துவிடுங்கள் என்று நானே கேட்டிருப்பேன். மகளுக்கும் அதைச் சொல்லியிருப்பேன். காரணம் தெரிந்து அப்படி முடிவெடுப்பது வேறு, காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மிளகு அரைப்பது வேறு. அந்த அளவுக்குக்கூட நேரம் இல்லாதவர்கள் கூடை பக்கம் பிள்ளையைக் கூட்டிப்போகாமல் இருக்கலாம். பிள்ளை பத்து நிமிஷம் அழும், அவ்வளவுதான்.

பிங்கி ரோஸ் உதிர்ந்து வெள்ளைச் சேவலாகி, அஞ்சாம் மாதம் விடிகாலை நாலரைக்குக் கூவ ஆரம்பித்தது. செகரட்டரி மறுபடியும் வந்தார், இந்தத் தடவை அவகாசம் தரவில்லை. இப்போது ராசிபுரத்தில் இருக்கிறது. பண்ணைக் கோழிகளோடு விடக்கூடாது, வெளியிலிருந்து வந்தது எதைக் கொண்டுவந்திருக்குமோ என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அம்மாயி வீட்டு வாசலில் தனிக் குடித்தனம். போன வாரம் போனில் அம்மாயி சொன்னது: "ஏங்கண்ணு, உன்ற சாவல் நொண்டி நொண்டியே பக்கத்து ஊட்டுப் பெட்டைய எல்லாம் தொரத்துது. சண்டைக்கு வர்றாங்க."