இரண்டாவது வண்டி யார் பேரில்?

ஆல்டோவா, வெகன் ஆரா? எங்கள் கூட்டத்தில் ஒருத்தியின் வீட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இந்தக் கேள்வியிலேயே போயின. வீடு கொட்டகலைப் பக்கம். நாலு வருசத்துக்கு முன்னால் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து வெளியே வந்து, எட்டு பேர்ச் காணி வாங்கிக் கட்டியது. வாசலில் ஏற்கெனவே ஒரு ஆட்டோ நிற்கிறது. நிற்கிறது என்றால் இரவில் மட்டும்தான், பகலெல்லாம் அப்பாவோடு ஹட்டன் ஸ்டாண்டில். இப்போது இரண்டாவது வண்டி எடுக்கப் போகிறார்கள்.

அண்ணன் ஆல்டோ என்கிறார். சித்தப்பா, எடுக்கிறதே எடுக்கிறோம் வெகன் ஆர் எடு என்கிறார். காசு போதாவிட்டால் நேனோ என்று மாமா ஒரு மூலையிலிருந்து. 796 சிசி, 658 சிசி, ஹைபிரிட் பேட்டரி போனால் என்ன செலவு, அஞ்சு பேரை ஏற்றி ஏசியும் போட்டால் கினிகத்தேனை ஏத்தத்தில் இழுக்குமா... எல்லாம் பேசினார்கள். நாங்கள் ஒரு ஞாயிறு அங்கே சாப்பிடப் போயிருந்தோம். பேசிய நாலு பேரும் ஆம்பிளைகள். அம்மா ரெண்டு தடவை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். ஆல்டோ சரியா வராதா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. வாங்கப்போகிற காசு அவருடையது என்பதை நாங்கள் பஸ்ஸில் திரும்பும்போதுதான் தெரிந்துகொண்டோம்.

மேலே போகுமுன் ஒரு விசயம். "லயத்துல இருந்து இப்பத்தானே வந்தாங்க, அதுக்குள்ள ரெண்டாவது வண்டி கேக்குதாம்" என்று வாய்க்குள் சிரிக்கிற டவுன் ஆட்கள் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்குத் துணைக்கு வரவில்லை. தோட்டத்தில் வண்டி என்றால் யாருக்கு இருந்தது? துரைக்கு ஜீப், கணக்கப்பிள்ளைக்கு மோட்டர்சைக்கிள், கொழுந்துக்கு லொறி. கொழுந்து வாடிவிடக்கூடாது என்று அதற்கு வண்டி கிடைத்தது. அதை எடுத்தவள் மலையிலிருந்து லயத்துக்கு நடந்துதான் வந்தாள். அவள் வீட்டில் ரெண்டு வண்டி என்ன, மூன்று வண்டி நின்றாலும் எங்களுக்குச் சந்தோசம். எங்கள் சண்டை வண்டியோடு இல்லை. வண்டியைத் தெரிவு செய்கிற முறையோடுதான்.

தேவை உண்மையானது என்பதையும் சொல்லிவிடுகிறோம். லயத்தில் இருக்கும்போது வாழ்க்கை காலடியில் கிடந்தது. பெரட்டுக்களம், பிள்ளைக்காம்பரா, கோயில், கடன் கொடுக்கிற கடை எல்லாம் கூப்பிடு தூரம். ஆருக்கும் ஏலாமல் போனால் தோட்டத்து லொறியாவது வரும். நோயாளியையும் பிள்ளைத்தாச்சியையும் லொறியில் ஏற்றிய கதையை நாங்கள் பெருமையாகச் சொல்லவில்லை, ஆனால் அதுவாவது இருந்தது. வெளியே வந்து சொந்த வீடு கட்டியதும் தோட்டம் கையை உதறிவிடுகிறது. காணி மலிவாகக் கிடைக்கிற இடம் எப்போதும் மெயின் ரோட்டிலிருந்து தள்ளித்தான் இருக்கும். இந்த வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர், திரும்பி வரும்போது முழுக்க ஏத்தம். பொழுதுபட்ட பிறகு வருகிற பஸ்ஸை நம்பி எதுவும் செய்ய முடியாது. தங்கச்சி ஏ.எல். படிக்கிறாள், டியூசன் விட்டு இருட்டில் வருகிறாள். அம்மாவுக்கு மாசத்துக்கு ஒரு தடவை பிரஷர் கிளினிக்.

வீட்டில்தான் ஆட்டோ இருக்கிறதே என்பீர்கள். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். கிளினிக் நாளில் அப்பாவுக்குப் போன் எடுத்தால், "ஹயர் ஒண்டு இருக்கு, நீ நடந்து வந்து பஸ்ஸப் புடி." அவரைக் குறை சொல்ல முடியாது, அது உழைக்கிற வண்டி. வீட்டு ஆளை ஏற்றினால் ஒரு ஹயர் போகும். ஆகவே ஆட்டோக்காரர் வீட்டு அம்மா நடக்கிறார், அவசரமென்றால் வேறொருவர் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கிறார். மலையகத்தில் ஆட்டோ நிற்கிற எத்தனை வீடுகளில் இதே கதை என்று எங்கள் கூட்டத்துக்குள்ளேயே கேட்டுப் பார்த்தோம். ஆட்டோ உள்ள வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள், அதுவும் வரி மேல் வரி போட்டு. இடையில் பழைய வண்டியெல்லாம் தங்கமாகிவிட்டது. அண்ணன் பார்த்துவைத்த 2012 ஆல்டோவுக்குச் சொன்ன விலை 27 லட்சம். அம்மா மலையில் கடைசியாக வாங்கியது, 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் வந்த அடிப்படைச் சம்பளம், நாளுக்கு 1350 ரூபாய். வகுத்துப் பாருங்கள், சரியாக 2000 நாள். மாசம் 25 நாள் பேர் விழுந்தால், ஒரு நாள்கூட அரைப்பேர் ஆகாமல், ஆறு வருசம் எட்டு மாசம் கொழுந்து எடுக்கவேண்டும். அதுவும் ஒரு வாய் சோறு தின்னாமல்.

அம்மா 31 வருசம் எடுத்தார். ஈ.பி.எஃப். பணத்தைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம் என்பது சட்டம். அப்படி எடுத்ததில் கையில் வந்தது 9 லட்சத்துச் சொச்சம். அதோடு அண்ணனின் 2 லட்சம் சேர்த்து முற்பணம், மிச்சம் 16 லட்சம் லீசிங். அஞ்சு வருசத்துக்கு மாசம் 40 ஆயிரத்தை ஒட்டி வருகிறது. மொத்தமாகக் கூட்டினால் 27 லட்சத்துக் கார் வீட்டுக்கு வந்துசேர 35 லட்சமாகிறது.

இந்தக் கார் யார் பேரில்? அண்ணன் பேரில். சாவி யாரிடம்? அண்ணனிடம். அம்மாவிடமும் தங்கச்சியிடமும் லைசன் இல்லை, எடுக்கிற பேச்சும் இல்லை. அண்ணன் டவுனில் வேலைக்குப் போகும்போது கார் அவரோடு போகும், பின்னேரம்தான் திரும்பும். அப்படியானால் கிளினிக் நாளில் அம்மா? நடப்பார். முதல் வண்டி வந்தபோதும் நடந்தார், ரெண்டாவது வண்டி வந்த பிறகும் நடப்பார். இந்தமுறை தன்னுடைய காசில் நடப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

2023-ல் மலையகத்தாருக்கு 200 வருசம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபவனி போனார்கள். அந்த நடையைப் பற்றி எங்கள் ஆட்கள் கண்கலங்கி எழுதியதை எல்லாரும் வாசித்தோம், பகிர்ந்தோம். நல்லது. சொந்த வீட்டில் இன்றைக்கும் நடக்கிற ஒருத்தியைப் பற்றி எழுதச் சொன்னால் மட்டும் பேனா மக்கர் பண்ணுகிறது.

எங்கள் கருத்தை நேராகவே சொல்கிறோம். ரெண்டாவது வண்டி என்றால் அது அம்மாவும் தங்கச்சியும் ஓட்டக்கூடிய வண்டியாக இருக்கவேண்டும். இந்த வீட்டுக்கு அது ஒரு ஸ்கூட்டி. பழைய ஸ்கூட்டி பெப் ஒன்றுக்கு 4 லட்சம் சொன்னார்கள். 87.8 சிசி, எடை நூறு கிலோவுக்கும் குறைவு, கியர் கிடையாது, செல்ப் ஸ்டார்ட். லீசிங் வேண்டாம், ஈ.பி.எஃப். காசில் பாதிக்கு மேல் அம்மாவின் புத்தகத்திலேயே இருக்கும்.

உடனே பதில்கள் வரும் என்று தெரியும், வந்தன. மழை. உண்மைதான், ஹட்டன் மழைக்கும் மூட்டத்துக்கும் ஸ்கூட்டி நல்ல வண்டியில்லை. ஆனால் 31 வருசம் படங்கைக் கட்டிக்கொண்டு அட்டைக்கடியில் கொழுந்து எடுத்த மனிசிக்கு மழையைக் காட்டிப் பயமுறுத்துவது கொஞ்சம் அதிகம். ரெண்டாவது, ராத்திரி ஆஸ்பத்திரி. ராத்திரியில் ஆட்டோ வீட்டில்தான் நிற்கிறது. 1990 அம்புலன்ஸும் இருக்கிறது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போக ஆல்டோதான் வேண்டுமென்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. மூன்றாவது, "கல்யாண வீட்டுல ஆட்டோவுல போய் எறங்கினா என்ன மாதிரி இருக்கும்?" இதுதான் உண்மையான பதில், மற்ற ரெண்டும் சும்மா. வருசத்தில் நாலு கல்யாணம், திருவிழா என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 15 ஆயிரம் கொடுத்து வேன் பிடித்தாலும் 60 ஆயிரம். லீசிங்கில் அது ஒன்றரை மாசத் தவணை.

அந்தத் தவணைதான் எங்களைத் தூங்கவிடாதது. ஆட்டோ உழைப்பு எல்லா மாசமும் ஒன்றாக வராது. 2022-ல் எங்களில் இன்னொருவர் வீட்டு ஆட்டோவைத் தவணை தப்பியதற்காகத் தூக்கிக்கொண்டு போனார்கள். எரிபொருள் வரிசையில் மூன்று நாள் நின்ற ஆட்டோ அது. அந்த வருசம் ஜூலையில் கியூஆர் வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஆட்டோவுக்கு 5 லீற்றர், மோட்டர்சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று பங்கு வைத்தார்கள். வாசலில் சும்மா நிற்கிற காருக்கு, சோறு போடுகிற ஆட்டோவைப் போல நாலு மடங்கு! அதற்கு முன் 2017 ஜனவரியில் மத்திய வங்கி போட்ட விதியும் இப்படித்தான்: புதுக் காருக்குப் பெறுமதியில் 50 வீதம் வரை லீசிங் எடுக்கலாம், புது ஆட்டோவுக்கு 25 வீதம்தான். எங்கள் பெடியன்கள் ஆட்டோவை விட்டுவிட்டுக் காரைக் கனவு காண்பது அவர்களுடைய பேராசை மட்டுமில்லை, நாடே அப்படித்தான் மரியாதையை அளந்து கொடுக்கிறது. அண்ணன்மேல் எங்களுக்குக் கோபம் குறைகிற இடம் இது ஒன்றுதான்.

சரி, அம்மா கார் ஓட்டக்கூடாதா? தாராளமாக ஓட்டலாம். அப்படியென்றால் முதலில் அவரை லேர்னர்ஸுக்கு அனுப்புங்கள், ஓட்டோ கியர் வண்டி பாருங்கள், புத்தகத்தில் அவர் பேரை எழுதுங்கள். அதற்குப் பிறகு 35 லட்சம் போனாலும் நாங்கள் வாயைத் திறக்கமாட்டோம். இதை அண்ணனிடம் சொன்னபோது, "அம்மா இந்த வயசுல என்னத்த ஓட்டுறது" என்றார். அம்மாவுக்கு 54.

நம்ம பாட்டன் பூட்டன் வந்த ஊர்களில் ஒன்று புதுக்கோட்டை. அங்கே 90-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். கல்லுடைக்கிற பெண்கள், வயல் வேலைக்காரப் பெண்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தில் 1500-க்கும் அதிகமான பெண்கள் சைக்கிளில் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆம்பிளைச் சைக்கிளை எடுத்து ஓட்டினார்கள். அங்கேயும் ஊர் ஆம்பிளைகள் கேலி பண்ணினார்கள், பாட்டுக் கட்டினார்கள். பிறகு பழகிவிட்டது. எங்கள் ஏத்த இறக்கத்தில் சைக்கிள் மிதிக்க ஏலாதுதான். அதற்குத்தானே இஞ்சின் கண்டுபிடித்தார்கள்.

ஸ்கூட்டி வாங்கிவிட்டால் பஸ் வேண்டாம் என்று ஆகாது. 2025 மே மாசம் கொத்மலை கெரண்டிஎல்லவில் பள்ளத்தில் விழுந்த இ.போ.ச. பஸ்ஸில் 23 பேர் செத்தார்கள். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன பஸ் அது. எங்கள் ரோட்டுக்கு ஓட்டமுள்ள பஸ், பொழுதுபட்ட பிறகும் வருகிற பஸ் வேண்டும் என்று தேர்தலுக்குத் தேர்தல் வந்து கும்பிடுகிறவர்களிடம் கேட்பதை நாங்கள் விடப்போவதில்லை. தமிழ்நாட்டில் 2021 மே மாசத்திலிருந்து பெண்கள் டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போகிறார்கள். இங்கே காசு கொடுக்கத் தயாராக நின்றாலும் பஸ் இல்லை. அதை இன்னொரு கட்டுரையில் பேசுவோம்.

போன சனிக்கிழமை எங்களில் ஒருத்தி தன் ஸ்கூட்டியை அந்த வீட்டுக்குக் கொண்டுபோனாள். பக்கத்துத் தோட்டத்து கிரவுண்ட்டில் தங்கச்சி ரெண்டு சுற்று ஓடினாள், ஒருக்கா விழுந்தாள். அம்மா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வந்து ஹேண்டிலைப் பிடித்துப் பார்த்தார். "பிரேக்கு எந்தக் கையிலம்மா?" என்றார். ரெண்டு கையிலும் என்றோம். இதைப் படித்து முடிக்க எத்தனை நாளாகும் என்று கேட்டார். அண்ணன் காதில் விழாத தூரத்தில் நின்றுதான் கேட்டார்.

ஆல்டோக்காரருக்கு அண்ணன் 25 ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம். 15ஆம் திகதிக்குள் மிச்சத்தைக் கட்டாவிட்டால் அது திரும்பி வராதாம். அண்ணே, நீங்களும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். போனால் போகட்டும், அம்மாவின் கணக்கில் அது 19 நாள் கொழுந்து. 15ஆம் திகதிக்கு முன்னால் ஒரு தடவை அவரிடமே கேளுங்கள். நாலு பேர் முன்னால் வேண்டாம், அடுப்படியில் போய்க் கேளுங்கள்.