ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கு

"தோட்டத்துக்குள்ள இருக்கறவங்களுக்கு எதுக்குங்க ஆன்லைன் ஷாப்பிங்?" என்று சென்னை நண்பர்கள் கேட்பதுண்டு. உங்களைவிட எங்களுக்குத்தான் அது அதிகம் தேவை என்பது என் பதில். உங்களுக்குத் தெருமுனையில் கடை. நாங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கோபி போய் வந்தால் அரை நாள் வேலை கெட்டுவிடும். ராத்திரி தண்ணி கட்டப் போகும்போது தலையில் மாட்டிக்கொள்ளும் லைட், புல் வெட்டும் மெஷினுக்கு பிளேடு, அம்மாவின் முழங்காலுக்குப் பட்டை, மகளுக்குக் காலேஜ் கால்குலேட்டர் என்று மூன்று நாலு வருசமாகப் பாதிச் சாமான் போன் வழியாகத்தான் வருகிறது.

கணக்கு இருப்பது என் பெயரில். ஆனால் அது எனக்கு மட்டுமான கணக்கா என்றால் கிடையாது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா, பால் சொசைட்டிக்கு வரும் அக்கா, எங்களிடம் வேலைக்கு வருபவர்கள் எல்லாரும், "இது ஒண்ணு போட்டு உடுங்க தம்பி" என்று பணத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். தோட்டத்து வீடுகளுக்குத் தெருப் பெயர் கிடையாது. ஒரு பின்கோடுக்குள் பல ஊர்கள். டெலிவரி தம்பிக்கு வழி சொல்லி மாளாது. அதனால் மெயின் ரோட்டு மளிகைக்கடை, பால் சொசைட்டி, மாமனார் வீடு என்று நாலைந்து விலாசம் வைத்திருக்கிறோம்.

போன வருசம் புரட்டாசியில் மஞ்சளுக்கு இலைப்புள்ளி நோய் வந்தது. பேட்டரியில் ஓடும் மருந்தடிக்கிற மெஷின் ஒன்று வாங்கினேன். சார்ஜ் ஏறவே இல்லை. திருப்பி அனுப்பினோம். 3,400 ரூபாய், வங்கிக்கு வராமல் அந்தக் கணக்கிலேயே இருப்பாக வந்து உட்கார்ந்தது. சரி, அதை வைத்து வேறொன்று வாங்கலாம் என்று திறந்தால், சந்தேகத்துக்குரிய நடவடிக்கை காரணமாகக் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். என்ன சந்தேகம், யார் மேல் சந்தேகம் என்று ஒரு வரி இல்லை. நோய் காத்திருக்குமா? கோபியில் 3,900 கொடுத்து இன்னொரு மெஷின் வாங்கி மருந்தடித்தேன். 3,400 பூட்டுக்குள் கிடந்தது.

பூட்டைத் திறக்க அடையாளம் கேட்டார்கள். ஆதாரில் என் இனிஷியல் பெயருக்கு முன்னால். கணக்கில் பின்னால், ஏனென்றால் அங்கே முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. விலாசத்துக்குச் சான்று கேட்டார்கள். வீட்டுக் கரண்ட் கார்டு காலமான அப்பா பெயரில். கேஸ் புக் மனைவி பெயரில். நிலம் கூட்டுப் பட்டா. இதில் எதுவும் தப்பில்லை, கிராமத்துக் குடும்பங்களில் காகிதங்கள் இப்படித்தான் ஆளுக்கொன்றாகப் பிரிந்து கிடக்கும். எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால்தான் ஒரு குடும்பம். அந்த மெஷினுக்கோ ஒரே ஆள், ஒரே பெயர், ஒரே விலாசம் வேண்டும்.

அடுத்தது ஓடிபி. அது வரும்போது நான் வாய்க்கால் மேட்டில் தண்ணி திருப்பிக்கொண்டிருந்தேன். அங்கே சிக்னல் கிடைக்காது, அதனால் போன் வீட்டில் அம்மாவிடம். பக்கத்துக் காட்டுக்காரர் போனில் கூப்பிட்டு, "அம்மா, ஆறு நம்பர் வந்திருக்கும், படிங்க" என்றேன்.

"ஓடிபிய ஆருக்கும் சொல்லக்கூடாதுன்னு நீதான கண்ணு சொன்னே? நீ எம்மவன்தான்னு நான் எப்படி நம்பறது?"

கடைசி வரை சொல்லவில்லை. நேரம் முடிந்து அந்த நம்பரும் செத்துப்போனது. எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டில் பாதுகாப்பு விதியைச் சரியாகக் கடைப்பிடித்த ஒரே ஆள் அம்மாதான்.

நிஜமான ஆபத்து அதற்கப்புறம் வந்தது. அந்தக் கம்பெனியின் ஆப்பில் எங்கே தேடினாலும் பேசுவதற்கு ஒரு நம்பர் இல்லை. அரட்டைப் பெட்டியில் ஒரு மெஷின், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லும். மச்சான் உதவி செய்வதாக இன்டர்நெட்டில் தேடி ஒரு கஸ்டமர் கேர் நம்பரைப் பிடித்தார். எதிர்முனையில் சுத்தமான தமிழ், ரொம்ப மரியாதை. "ஒரு சின்ன ஆப் போட்டுக்கோங்க சார், உங்க ஸ்கிரீனை நாங்களே பாத்துச் சரி பண்ணிடறோம்" என்றான். லீவுக்கு வந்திருந்த மகள் போனைப் பிடுங்கிக் கட் பண்ணினாள். இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தால் மச்சானின் வங்கிக் கணக்கு காலியாகியிருக்கும்.

நான் சொல்ல வருவது இதுதான். பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருட்டு நடக்கிறது, பூட்டத்தான் வேண்டும். ஆனால் பூட்டியவன் சாவியோடு எங்கே நிற்கிறான் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், சாவி என்னிடம் இருக்கிறது என்று ஒரு திருடன் வந்து நிற்பான். மனிதக் குரலை மிச்சம் பிடித்து கம்பெனி காசு சேர்க்கிறது, அந்த இடைவெளியில் மோசடிக்காரன் கடை போடுகிறான். நஷ்டம் மட்டும் நமக்கு.

எங்கள் ஊர் உரக்கடையிலும் எனக்குக் கணக்கு உண்டு. அந்த நோட்டில் என் பெயர் இருக்காது, எங்கள் தோட்டத்தின் பெயர் இருக்கும். தாத்தா காலத்திலிருந்து அதே பெயர். நான் போனாலும் கொடுப்பார், என் மனைவி போனாலும் கொடுப்பார், ஆள் அனுப்பினால் எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கொடுப்பார். அவருக்கும் சந்தேகம் வரும். ஆனால் சந்தேகம் வந்தால் கேட்பார். உரக்கடைக்காரர் எல்லாம் தர்மவான் என்று சொல்லவில்லை, வட்டியும் சேர்த்துத்தான் எழுதுவார். ஆனாலும் கணக்கு என்பது ஒரு வீட்டோடு என்பது அவருக்குப் புரிகிறது. ஒரே கணக்கில் பல பெயருக்குப் பல விலாசத்தில் சாமான் போனால் மெஷின் கண்ணுக்கு அது மோசடி மாதிரித் தெரியலாம். எங்களுக்கு அது அக்கம்பக்கம்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020-ல் மின் வணிகத்துக்கென்று தனி விதிகள் வந்தன. அதன்படி ஒவ்வொரு ஆன்லைன் கடையும் ஒரு குறைதீர் அதிகாரியை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் போட வேண்டும். புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த விவரம் பெரும்பாலும் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் கிடக்கும். மகள்தான் கண்டுபிடித்தாள்.

அவருக்கு மெயில் போட்டோம். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் செய்தோம். அங்கே தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், புகாரைப் பதிந்து கம்பெனியிடம் பதில் கேட்பார்கள். பூட்டிய 19-ம் நாள் கணக்கு திறந்தது, பணமும் வந்தது. ஏன் பூட்டினார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை. இதற்கும் மசியாத கம்பெனி என்றால், நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. மோசடியில் பணம் போயிருந்தால் அது வேறு, உடனே 1930-க்கு அடிக்க வேண்டும்.

இதை வாசிப்பவர்களில் இந்த மாதிரிக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் மூன்று கேட்கிறேன். ஒன்று, குடும்பத்துக்கென்று ஒரு கணக்கு கொடுங்கள், அதில் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ள விடுங்கள். ரெண்டு, பூட்டுகிற அன்றைக்கே காரணத்தைத் தமிழில் சொல்லி, ஒரு மனிதக் குரலுக்கு நம்பர் கொடுங்கள். மூன்று, கணக்கைப் பூட்டினாலும் அதற்குள் கிடக்கும் எங்கள் பணத்தை வங்கிக்கு அனுப்பிவிடுங்கள். 3,400 ரூபாய் உங்களுக்குச் சின்னத் தொகையாக இருக்கலாம். இங்கே அது மஞ்சள் காட்டில் களையெடுக்க வருபவர்களின் கூலி. சாயங்காலம் அவர்கள் கை நீட்டும்போது, பணம் ஆப்புக்குள் இருக்கிறது என்று சொல்ல முடியாதுங்க.