தாம்பூலத் தட்டு திரும்பிய திசை

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் கிளம்பினால், ஊர் முடிந்ததா இல்லையா என்று தெரிவதற்குள் வேங்கிக்கால் வந்துவிடுகிறது. ஏரியும் வயலுமாக இருந்த ஊர். 1989-இல் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கினார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருப்பது இந்த வேங்கிக்காலில். அலுவலகம் வந்தால் அரசு ஊழியர்கள் வருவார்கள், அவர்களுக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு மனை வேண்டும். 2024-இல் திருவண்ணாமலை மாநகராட்சியாக உயர்ந்தது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்கு ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிற கூட்டமோ கடந்த சில ஆண்டுகளில் பல மடங்காகிவிட்டது. ஹோட்டல் பலகைகளில் தெலுங்கு ஏறியது போலவே மனைப்பிரிவு விளம்பரங்களிலும் ஏறிவிட்டது.

அந்த விளம்பரங்களின் கீழ்ப்பாதியைப் படிக்க வேண்டும். மேல்பாதியில் மலையின் படமும் நுழைவு வளைவும் இருக்கும். கீழ்ப்பாதியில்தான் வியாபாரம். மனை ஒன்றுக்குத் தங்க நாணயம் இலவசம், பத்திரப்பதிவு இலவசம், சைட் பார்க்க வேன் வசதியும் மதியச் சாப்பாடும் இலவசம், இன்றே டோக்கன் போடுபவர்களுக்கு வெள்ளிக் குத்துவிளக்கு. வேங்கிக்காலுக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை இது. செங்கல்பட்டு முதல் ஓசூர் வரை ஒரே அச்சில் வார்த்த வாசகங்கள்தான். பத்திரம் முடிந்த பிறகு நல்ல புரமோட்டராக இருந்தால் இன்னொரு சுற்று உண்டு: நிறுவனத்தின் பெயர் அச்சடித்த பை, அதில் ஒரு ஸ்வீட் பாக்ஸ், லேமினேட் செய்த அண்ணாமலையார் படம், பத்திரம் வைக்க ஒரு பிளாஸ்டிக் ஃபைல். “நம்ம குடும்பத்துல நீங்களும் ஒருத்தர் சார்” என்று மார்க்கெட்டிங் பையன் கைகுலுக்க, ஒரு போட்டோ. சாயங்காலம் அது வாட்ஸப் ஸ்டேட்டஸில் வந்துவிடும்.

இந்தக் காட்சியில் தலைகீழாகிப்போன சங்கதி ஒன்று இருக்கிறது. வீடு, நிலம் விஷயத்தில் நன்றி சொல்லும் பொறுப்பு தமிழ்நாட்டில் வாங்கியவனுக்கே உரியதாக இருந்தது. கிருகப்பிரவேசத்தன்று கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேட்டி துண்டு வைத்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டை நீட்டுவது வீட்டுக்காரர். இடம் முடித்துக் கொடுத்த தரகரும் அந்த வரிசையில் உட்காருவார். அவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர். டீக்கடை வைத்திருப்பார், அல்லது ஓய்வு பெற்ற தலையாரியாக இருப்பார். இரண்டு தரப்பையும் தெரியும், வரப்புத் தகராறு எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். அவருக்குக் கமிஷன் தனி, மரியாதை தனி. தட்டு வாங்கியவர் கையிலிருந்து தரகர் கைக்குப் போயிற்று.

எப்போது திசை மாறியது? வாங்குகிறவர் உள்ளூர்க்காரராக இல்லாமல் போனபோது. ஏரி நிரம்பினால் உபரிநீர் எந்தப் பக்கம் பாயும் என்று வேங்கிக்காலில் பிறந்தவருக்குத் தெரியும். அவரிடம் ஓர் இலவசக் குக்கரைக் காட்டி ஓடைப் புறம்போக்கை ஒட்டிய மனையைத் தள்ளிவிட முடியாது. பௌர்ணமிக்கு வந்து, சுற்றி முடித்து, மறுநாள் காலை வேனில் ஏறி சைட் பார்த்துவிட்டு மாலை ரயிலைப் பிடிக்கிறவருக்கு அது தெரிய வழியில்லை. அவருக்குத் தெரியாததை விசாரிக்க விடாமல், அந்த அரை நாளை நிரப்புவதுதான் பரிசின் வேலை. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு திருவண்ணாமலை வ.உ.சி. நகர் வீடுகளின் மேல் இறங்கி 7 பேர் இறந்தார்கள். இந்த ஊரில் இடம் என்பது சதுர அடி விலை மட்டும் இல்லை. மேலே என்ன இருக்கிறது, தண்ணீர் எங்கே போகிறது என்பதும்தான். எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் அதற்கு வரி ஒதுக்கியிருப்பதில்லை.

அமெரிக்காவிலும் வீட்டுத் தரகர்கள் பரிசு கொடுக்கிறார்கள். ஆனால் பத்திரம் கையெழுத்தாகி, சாவி கைமாறிய பிறகு. ஒரு பாட்டில் ஒயின், பெயர் பொறித்த சமையல் கத்தி, ஒரு செடி. அங்கே வருமான வரிக் கணக்கில் இப்படிப்பட்ட பரிசுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 25 டாலர் வரைதான் செலவு காட்டலாம். 1962-இல் வைத்த வரம்பு, இன்றுவரை உயரவில்லை. வீட்டுக் கடன் சார்ந்த விற்பனையில், ஆள் பிடித்துக் கொடுப்பதற்காகக் கமிஷனோ பரிசோ கைமாற்றுவதை 1974-இன் சட்டம் ஒன்று குற்றமாக்கியிருக்கிறது. அங்கேயும் தரகர்கள் ஒன்றும் தியாகிகள் இல்லை; அந்தச் செடியின் நோக்கம் அடுத்த வாடிக்கையாளரின் தொலைபேசி எண்தான். இருந்தாலும் வாங்குபவர் முடிவெடுக்கும் நேரத்தில் அந்தச் செடி மேசை மீது இருப்பதில்லை. நம் ஊர்ப் பரிசில் பெரும் பங்கு, முடிவெடுப்பதற்கு முன்பே மேசைக்கு வந்துவிடுகிறது.

இலவசங்களில் பெரியது பத்திரப்பதிவு. அதன் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. கணக்குக்காக ஒரு மனையை எடுத்துக்கொள்வோம்: அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி, சதுர அடி 1,200 ரூபாய் என்றால் 14 லட்சத்து 40 ஆயிரம். அந்தச் சர்வே எண்ணுக்கு அரசு வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 300 ரூபாய் என்று வைத்தால் 3 லட்சத்து 60 ஆயிரம். “பதிவு இலவசம்” என்கிற புரமோட்டர் இந்த இரண்டாவது தொகைக்குத்தான் பத்திரம் போடுவார். அவருக்குச் செலவு 32,400 ரூபாய். உண்மை விலைக்குப் போட்டிருந்தால் 1,29,600. வாங்குபவருக்கு லாபம் போலத் தோன்றும். ஆனால் மீதி 10 லட்சத்து 80 ஆயிரம் எந்தக் காகிதத்திலும் இல்லை. நாளை மனையை விற்றால், காகிதத்தில் இருக்கிற 3.6 லட்சத்திலிருந்துதான் லாபம் கணக்கிட்டு வரி கேட்பார்கள். நாளை பத்திரம் போலி என்றோ, மேலே வழக்கு என்றோ ஆகி, பணத்தைத் திருப்பிக் கேட்டால், கேட்க முடிந்ததும் 3.6 லட்சம்தான். நிலம் விற்பவர் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் என்று 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தைத் தாண்டிப் போக வாங்குபவரையும் கூட்டாளியாக்கிவிடுவதுதான் இந்த இலவசத்தின் சாமர்த்தியம். புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வி அவரை நோக்கித் திரும்பும்.

தங்க நாணயத்தின் கதை சிறியது. எத்தனை கிராம், என்ன தரம் என்று எழுதாத நோட்டீஸ்கள் உண்டு. 2015 வாக்கில் கிராம் 2,500 ரூபாய் அளவில் இருந்த தங்கம் 2025-இல் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் ஒரு கிராம் காசு என்பது 14 லட்ச ரூபாய் மனையில் சதுர அடிக்குச் சில ரூபாய்தான். பேரம் பேசத் தெரிந்த யாரும் டீ ஆறுவதற்குள் குறைத்துவிடக்கூடிய தொகை. காசைக் காட்டியதும் பேரம் நின்றுபோகிறது என்பதுதான் புரமோட்டர்கள் கண்டுகொண்ட உண்மை.

சட்டம் இதையெல்லாம் கவனிக்காமல் விடவில்லை. விலைக்குள் முழுதாகவோ பகுதியாகவோ அடங்கிய ஒன்றை இலவசம் போலக் காட்டுவது, தருவதாகச் சொன்ன பரிசைத் தராமல் இருக்கும் எண்ணத்தோடே அறிவிப்பது, இரண்டும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. அப்படிப்பட்ட நடைமுறையில் முகவர் ஈடுபடக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, தன் 10-ஆம் பிரிவில் சொல்கிறது. மீறும் முகவருக்கு நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய், அதிகபட்சம் மனை விலையில் 5 சதவீதம் வரை அபராதம் போட வழி இருக்கிறது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் புரமோட்டர் முன்பணம் வாங்கவும் கூடாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட எந்த மனைப்பிரிவும் ரெராவில் பதியாமல் விளம்பரம்கூடச் செய்ய முடியாது. 500 சதுர மீட்டர் என்றால் நம் கணக்கில் பன்னிரண்டேகால் சென்டுக்குச் சற்று மேல். வேங்கிக்காலில் ஒரு மாந்தோப்பைக் கூறு போட்டாலே அந்த அளவு தாண்டிவிடும்.

ஆனால் குக்கருக்காக ரெராவுக்குப் போகிறவர் யார்? வெள்ளி விளக்கு தருவதாகச் சொல்லி வெண்கல விளக்கு தந்தார் என்று நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட ஆளில்லை. மனை வாங்கியவர் பட்டா மாறும்வரை புரமோட்டரின் தயவில் இருக்கிறார். அவரோடு விளக்குக்காக மல்லுக்கு நிற்பது புத்திசாலித்தனம் இல்லை என்று அவருக்கே தெரியும்.

மக்கள் பேசுவது வாங்குபவருக்கு வரும் பரிசை. அதைவிடப் பெரிய பரிசு வேறு பக்கம் போகிறது. இத்தனை மனை முடித்தால் தாய்லாந்துப் பயணம், இத்தனை முடித்தால் பவுன் காசு, வருடக் கடைசியில் கார் என்று புரமோட்டர் தன் முகவர்களுக்கு வைக்கும் இலக்குகள். வியாபாரத்தில் இப்படிக் கைமாறும் பொருள், பயணம் போன்ற பலன்கள் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்று 2022 ஜூலை முதல் விதி வந்தது. வருமான வரித் துறைக்குத் தெரிய வேண்டிய இந்தப் பலன் வாங்குபவருக்கு மட்டும் தெரிய வேண்டியதில்லை. கமிஷன் எவ்வளவு சதவீதம் என்று ரெரா வரையறுக்கவில்லை. இந்த மனையை விற்றால் எனக்கு என்ன கிடைக்கும் என்பதை முகவர் சொல்லியாக வேண்டும் என்ற நடைமுறையும் இல்லை. பக்கத்து மனைப்பிரிவு நன்றாக இருந்தும் அவர் ஏன் இதையே தள்ளுகிறார் என்பதற்கான விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பரிசை முறைப்படுத்த நினைக்கும் அரசு குக்கரை விட்டுவிடலாம். முகவரின் பலனை மனை விலைக்கு அருகில் அச்சிடச் சொன்னால் போதும், பாதி நாடகம் குறையும்.

இலவசத்தை நம்பிப் பணம் கட்டிய அனுபவம் இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. 2022 தீபாவளியையொட்டி செய்யாறு பக்கம் சீட்டு நிறுவனங்கள் கைவிரித்தபோது, தங்கக் காசும் மளிகைப் பொருளும் வரும் என்று மாதாமாதம் கட்டியவர்கள் காவல் நிலைய வாசலில் நின்றார்கள். மாதத் தவணை மனை என்ற பெயரில், குலுக்கலில் பெயர் விழுந்தால் மீதித் தவணை கட்ட வேண்டாம் என்று ஆள் சேர்ப்பதும் இதே குடும்பம்தான். அத்தகைய பரிசுச் சீட்டுகளை 1978-ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டார்கள். தடை செய்த சரக்கு மனையின் முகமூடி போட்டுக்கொண்டு பல ஆண்டுகள் வீடு வீடாக வந்துபோயிற்று.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது தமிழ்நாடே திடுக்கிட்டது. வழக்குப் போட்டவர் வழக்கறிஞர் யானை ராஜேந்திரன். திருவண்ணாமலையின் மலை, நீர்நிலை ஆக்கிரமிப்புகள் குறித்தும் பின்னாளில் உயர் நீதிமன்றம் போனவர். அந்தத் தடைக்குப் பின் எத்தனையோ குடும்பங்களின் பீரோவில் விற்கவும் முடியாத, கட்டவும் முடியாத மனைப் பத்திரங்கள் தங்கின. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு விதி கொண்டுவந்த பிறகே மூச்சு வந்தது. அதற்கான கட்டணத்தைக் கட்டியது வாங்கியவர்கள். மனையோடு குடம், விளக்கு கொடுத்து அனுப்பிய புரமோட்டர்களில் பலர் அதற்குள் வேறு ஊரில் வேறு பெயரில் பலகை மாட்டியிருந்தார்கள்.

அப்படியானால் தரகர் நன்றி சொல்லவே வேண்டாமா? சொல்லலாம், பத்திரத்துக்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை ஏராளம். உட்பிரிவு தேவைப்படாத இடத்தில் பத்திரம் பதிந்தாலே பட்டா தானாக மாற ஏற்பாடு இருக்கிறது. உட்பிரிவு என்றால் சர்வேயர் வர வேண்டும், அளக்க வேண்டும், கல் நட வேண்டும். ஹைதராபாத்தில் இருப்பவருக்காக அந்த நாளில் சைட்டில் போய் நிற்கும் தரகர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். வரிப் பெயர் மாற்றம், மின் இணைப்பு, மழைக்குப் பிறகு கல் அசைந்திருக்கிறதா என்று ஒரு போட்டோ. இவர்களுக்குத்தான் மறுபடி போன் வருகிறது. கிருகப்பிரவேசத்தில் வேட்டி துண்டும் வருகிறது.

புரமோட்டர் தந்தே ஆக வேண்டிய பரிசு ஒன்றும் உண்டு. அதைப் பையில் போட்டுத் தர முடியாது. மனைப்பிரிவின் சாலைகளை அவர் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் இருந்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கும் திறந்தவெளிக்கும் அதே போல எழுத வேண்டும். 3,000-க்கும் 10,000-க்கும் இடைப்பட்டால் இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். இந்தத் தானம் நடந்ததா என்பதில்தான் எதிர்காலச் சண்டைகள் ஒளிந்திருக்கின்றன. வரைபடத்தில் பச்சை அடித்த பூங்கா, சில வருடம் கழித்துப் பத்து மனையாக விற்கப்பட்ட கதைகள் ஊருக்கு ஊர் கிடைக்கும். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். சர்வே எண்ணைப் போட்டால் தானப் பத்திரத்தின் எண்ணும் தேதியும் வந்து நிற்கும், எழுதியிருந்தால். வேனில் வந்தவர் சாப்பாட்டுக்கு உட்காருவதற்கு முன் அந்த எண்ணைக் கேட்டுப் பார்க்கலாம். மார்க்கெட்டிங் பையன் ஆபீசுக்குப் போன் போடுவான்; ஆபீஸ் புரமோட்டருக்குப் போடும்.