பழி பாய்சான் மேல், பாவம் யார் மேல்?

கம்ப்யூட்டர் நெட்வொர்க் படிக்கும் மாணவர்களில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சிக்கு எம்/எம்/1 சூத்திரம் வேதவாக்கு. இன்னொரு கட்சி, "அதெல்லாம் பரீட்சைக்குத்தான் பாஸ், நிஜத்துல ஒத்து வராது" என்று ஒரே வரியில் முடித்துவிடும். இரண்டுமே சோம்பேறித்தனம்தான். சூத்திரத்துக்கு முன்னால் எழுதியிருக்கும் அனுமானங்களை இரண்டு பேருமே படிப்பதில்லை.

முதலில் ஈத்தர்நெட் கதை. "ஈத்தர்நெட் 37 சதவீதத்துக்கு மேல் தாங்காது" என்று 1980களில் ஒரு பேச்சு பலமாக அடிபட்டது. அந்த எண் வந்த வழி சுவாரசியமானது. மெட்காஃபும் பாக்ஸும் 1976-ல் எழுதிய கட்டுரையில் ஒரு எளிய நிகழ்தகவு மாதிரி இருந்தது. நிறைய கணினிகள், எல்லாவற்றிடமும் எப்போதும் அனுப்பச் சரக்கு தயார், மோதலைக் கண்டுபிடிக்க ஆகும் நேரத்துக்குள் முடிந்துவிடும் குட்டி பாக்கெட்டுகள். இத்தனையும் சேர்ந்தால்தான் 37 சதவீதம். அதே கட்டுரையில் அதே மாதிரி, பெரிய பாக்கெட்டுகளுக்கு 95 சதவீதத்துக்கும் மேல் என்கிறது!

1988-ல் பாக்ஸ், மொகுல், கென்ட் மூவரும் நிஜமான 10 மெகாபிட் ஈத்தர்நெட்டில் 24 கணினிகளை இணைத்து அளந்தே பார்த்துவிட்டார்கள். பெரிய பாக்கெட்டுகளில் கிட்டத்தட்ட முழுத் திறனும் கிடைத்தது. ஆக, மாதிரி பொய் சொல்லவில்லை. நிபந்தனைகளைக் கழற்றி எறிந்துவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் சொன்ன பொய் அது.

அங்கே எண் நிலைமையை மோசமாகக் காட்டியது. நிலைமையை நல்லதாகக் காட்டும் தப்பு இன்னும் ஆபத்தானது.

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏர்லாங், தொலைபேசி அழைப்புகள் பாய்சான் பரவலின்படி வருகின்றன என்று 1909-ல் காட்டினார். ஒருவர் போன் செய்வதற்கும் இன்னொருவர் செய்வதற்கும் சம்பந்தமில்லை. அதனால் கணக்கு பொருந்தியது. பிறகு அதே அனுமானத்தை பாக்கெட்டுகளுக்கும் மாட்டிவிட்டார்கள். ஆனால் ஒரு கோப்பை அனுப்பினால் பாக்கெட்டுகள் கும்பலாக அல்லவா கிளம்புகின்றன?

பெல்கோர் ஆய்வகத்தில் 1989 முதல் 1992 வரை ஈத்தர்நெட் போக்குவரத்தைப் பதிவு செய்தார்கள். லேலண்ட், தக்கு, வில்லிங்கர், வில்சன் நால்வரும் 1993-ல் முடிவை வெளியிட்டார்கள். பாய்சான் சரியென்றால், நீண்ட இடைவெளிகளில் கூட்டிப் பார்க்கும்போது ஏற்ற இறக்கம் அடங்கிச் சமமாக வேண்டும். அடங்கவில்லை! 0.01 வினாடியில் பார்த்தாலும் 100 வினாடியில் பார்த்தாலும் அதே மேடு, அதே பள்ளம்.

இதனால் என்ன குடி முழுகிப்போகும்? ஒரு இணைப்பு வினாடிக்கு சராசரியாக 1000 பாக்கெட்டுகளை அனுப்பும், 800 வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். எம்/எம்/1 சராசரி தாமதம் 5 மில்லி செகண்ட் என்று அடித்துச் சொல்லும். அதே 800 கும்பல் கும்பலாக வந்தால் தாமதம் பல மடங்காகலாம். பஃபரைக் கொஞ்சம் பெரிதாக்கினால் இழப்பு மளமளவென்று குறையும் என்ற நம்பிக்கையும் அங்கே பலிக்காது. 5 மில்லி செகண்டை நம்பி வாங்கிய இணைப்பு, எல்லோரும் ரிசல்ட் பார்க்க ஓடிவரும் நாளில்தான் காலை வாரும்.

"எல்லா மாதிரியும் தோராயம்தானே?" என்பது வழக்கமான சமாதானம். சரி, எவ்வளவு தோராயம்? எந்தத் திசையில்? அதைச் சொல்லாத தோராயம் வெறும் ஊகம்.

அதற்காக பாய்சானைக் குப்பையில் போடும் இரண்டாவது கட்சிக்கும் பதில் இருக்கிறது. பாக்ஸனும் ஃப்ளாய்டும் 1995-ல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே பாய்சான் மாதிரியின் தோல்வியைப் பற்றியது. ஆனால் உள்ளே போனால், டெல்நெட், எஃப்டிபி பயனர்கள் அமர்வைத் தொடங்கும் நேரங்களுக்கு, மணிக்கு மணி சராசரியை மாற்றிக்கொண்டால், பாய்சான் நன்றாகவே பொருந்துகிறது என்கிறார்கள். அமர்வுக்குள் ஓடும் பாக்கெட்டுகளுக்குத்தான் பொருந்தவில்லை. மனிதர்கள் தனித்தனியாக முடிவெடுக்கும் இடத்தில் ஏர்லாங் இன்றும் ஜெயிக்கிறார்!

ஆகவே கேள்வித்தாளில் "தாமதத்தைக் கணக்கிடுக" என்பதோடு நிறுத்துவது மாணவருக்குச் செய்யும் துரோகம். "இந்த விடை எப்போது தப்பாகும்?" என்று அடுத்த கேள்வி வரட்டும். பாதி மதிப்பெண் அதற்குத்தான். முதல் பாதிக்கு ஒரு கால்குலேட்டர் போதும்.